எரிந்த எரிபொருளுக்கு யார் காவல்?

அன்புள்ள கயல்,

உன் கடிதம் கிடைத்தது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைக்கிறார்கள், அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டிருக்கிறாய். உன் வகுப்பில் பாதிப் பேர் ‘பேராபத்து’ என்றும் மீதிப் பேர் ‘பயப்பட ஒன்றுமில்லை’ என்றும் வாதாடினார்களாம். இரு தரப்பும் அந்தப் பொருளைப் பற்றியே பேசியிருக்கிறார்கள். அதைக் கண்காணிக்க வேண்டியவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. விஷயம் இருப்பதே அங்கேதான் என்று நான் நம்புகிறேன். அதைத்தான் உனக்கு எழுதுகிறேன்.

முதலில் பொருளைப் புரிந்துகொள். யுரேனிய வில்லைகளை அடைத்த நீண்ட குழாய்களைக் கட்டுக்கட்டாக உலையில் நிறுத்துவார்கள். சில ஆண்டுகளில் அவற்றின் திறன் குறைந்துவிடும், வெளியே எடுத்துவிடுவார்கள். எடுத்த பிறகும் அவை அடங்குவதில்லை. அணுப்பிளவில் பிறந்த தனிமங்கள் சிதைந்து சிதைந்து வெப்பத்தையும் கதிர்வீச்சையும் வெளிவிட்டபடியே இருக்கும். அதனால் ஆழமான நீர்த்தொட்டியில் அமிழ்த்தி வைக்கிறார்கள். நீர் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். மேலே நிற்கும் ஊழியரைக் கதிர்வீச்சிலிருந்தும் காக்கும். சில ஆண்டுகள் ஆறியபின் எஃகுக் கலத்தில் அடைத்து, மூடியைப் பற்றவைத்து, கான்கிரீட் கூட்டுக்குள் வைக்கலாம். இதற்கு உலர் சேமிப்பு என்று பெயர். காற்று தானாகப் புகுந்து வெளியேறிக் கலத்தைக் குளிர்விக்கும், மின்சாரம் தேவையில்லை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தின் சர்ரி மின்நிலையம் 1986-இல் இதற்கான முதல் உரிமத்தைப் பெற்றது.

இனி காலக்கணக்கைப் பார். இந்த எரிபொருளில் இருக்கும் சீசியம்-137 பாதியாகக் குறைய 30 ஆண்டு ஆகும். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய ஏறத்தாழ 24,000 ஆண்டு ஆகும். கலத்தை வடிவமைத்த பொறியாளர் ஓய்வு பெறுவார், நிறுவனம் கைமாறும், ஆட்சி மாறும். கலம் அங்கேயே இருக்கும். ஆகவே நல்ல கலம் செய்தால் மட்டும் போதாது. அதைக் கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் அமைப்பு ஒன்றும் தலைமுறை தாண்டி நிலைக்க வேண்டும்.

அந்த அமைப்பு என்ன செய்யும் என்பதைக் காட்ட ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். கலிஃபோர்னியாவில், லாஸ் ஏஞ்சலிசுக்கும் சான் டியாகோவுக்கும் நடுவே, பசிபிக் கடலோரத்தில் இருக்கிறது சான் ஒனோஃப்ரே அணுமின் நிலையம். 2012 ஜனவரியில் நீராவிக் கலத்தின் குழாய் ஒன்று கசிந்ததால் உலை ஒன்றை நிறுத்தினார்கள்; 2013 ஜூனில் நிலையத்தை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள். உலை மூடியாயிற்று, எரிபொருள் போக இடமில்லை. தொட்டியிலிருந்து கலங்களுக்கு மாற்றிக் கடற்கரை ஓரத்திலேயே தரைக்குள் இறக்கி வைக்கும் வேலை நடந்தது.

2018 ஆகஸ்ட் 3 அன்று, 37 எரிபொருள் கட்டுகளைச் சுமந்த ஒரு கலத்தைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்கள். வழியில் உள்வளையம் ஒன்றில் கலம் இடறி நின்றுவிட்டது. தாங்கிப் பிடித்திருந்த பட்டைகள் தொய்ந்தன. கலம் அடியைத் தொட்டுவிட்டது என்று ஊழியர்கள் நினைத்தார்கள். உண்மையில் அது அடியிலிருந்து சுமார் 18 அடி உயரத்தில், அந்த வளையத்தின் விளிம்பை மட்டும் நம்பி நின்றது. கதிர்வீச்சு அளக்கும் பணியாளர், அளவு எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக இருப்பதைக் கவனித்துச் சொன்ன பிறகே விஷயம் தெரிந்தது. ஏறத்தாழ முக்கால் மணி நேரம் அந்த நிலை நீடித்தது. பின் பட்டைகளை இறுக்கி, கலத்தைத் தூக்கிச் சரிசெய்து இறக்கினார்கள். யாருக்கும் காயமில்லை, கதிரியக்கப் பொருள் கசியவுமில்லை.

‘ஒன்றும் ஆகவில்லையே, பிறகென்ன?’ என்று விட்டிருந்தால் கதை அங்கே முடிந்திருக்கும். முடியவில்லை. சில நாள் கழித்து, வட்டார மக்களோடு நடந்த கூட்டத்தில் அங்கே பணிபுரிந்த பாதுகாப்பு ஊழியர் ஒருவர் எழுந்து நடந்ததைச் சொன்னார். ஊருக்குத் தெரிந்தது அப்போதுதான். அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் சிறப்பு ஆய்வாளர்களை அனுப்பியது. பயிற்சி போதவில்லை, செயல்முறைக் குறிப்புகள் போதவில்லை, மேற்பார்வை போதவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். இரண்டு மீறல்கள் உறுதியாயின. ஒன்று, கலம் விழுந்துவிடாதபடி மாற்றுத் தாங்கல் இல்லாமல் போனது. மற்றது, நடந்ததை உரிய நேரத்தில் முறைப்படி ஆணையத்துக்குத் தெரிவிக்காதது. 2019 மார்ச்சில் 1,16,000 டாலர் அபராதம் விதித்தார்கள். ஒரு பெரிய மின் நிறுவனத்துக்கு அது சிறு தொகை. ஆனால் வேலை ஏறக்குறைய ஓராண்டு நின்றது. முறைகள் திருத்தப்பட்டு, ஆணையம் பார்த்துச் சரியென்ற பிறகே 2019 ஜூலையில் மீண்டும் தொடங்கியது.

இரண்டாவது மீறலை நன்றாகக் கவனி, கயல். விபத்தாகாமல் தப்பிய தவற்றைச் சொல்லாமல் விட்டதும் குற்றம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். கண்காணிப்பின் உயிர் அந்த விதியில்தான் இருக்கிறது. சிறு தவறு மறைந்துகிடக்கும் இடத்தில்தான் பெரிய தவறு வளரும்.

இந்த ஆணையமும் எடுத்த எடுப்பில் இப்படிப் பிறந்ததில்லை. முன்பு அமெரிக்க அணுசக்திக் குழு என்ற ஒரே அமைப்பு அணுமின்சாரத்தை வளர்க்கவும் செய்தது, கட்டுப்படுத்தவும் செய்தது. கணக்கு எழுதுகிறவரே தணிக்கையும் செய்வதுபோல் ஆயிற்று. 1974-இல் வந்த சட்டம் அதைப் பிரித்தது; 1975 ஜனவரியில் ஒழுங்குமுறை ஆணையம் தனியாக இயங்கத் தொடங்கியது. அந்த ஆணையத்தையும் கேள்வி கேட்க ஆள் இருந்தது. நிலையங்களில் தேங்கும் எரிபொருளை 1998 ஜனவரி 31-க்குள் மத்திய அரசு எடுத்துக்கொள்ளத் தொடங்கும் என்று சட்டப்படி உறுதியளித்திருந்தார்கள், அது நடக்கவில்லை. ‘எரிபொருளுக்கு நிரந்தர இடம் கடைசிவரை கிடைக்காமலே போனால் என்ன ஆகும் என்று ஆராய்ந்தீர்களா?’ என்று 2012-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆணையத்திடம் கேட்டு, எரிபொருள் சேமிப்பு குறித்த அதன் விதியை ரத்து செய்தது. ஆணையம் மீண்டும் ஆராய்ந்து 2014-இல் புதிய விதி வகுத்தது.

இப்போது நம் ஊருக்கு வா. இந்தியா எரிந்த எரிபொருளை முழுக்கழிவாகக் கருதுவதில்லை. மறுபதப்படுத்தி, அதிலுள்ள புளூட்டோனியத்தை மீண்டும் பயன்படுத்துவது நம் கொள்கை. அதுவரை அதைச் சேமித்துத்தான் ஆக வேண்டும். 2013 மே 6 அன்று கூடங்குளம் நிலையத்துக்கு அனுமதியளித்துத் தீர்ப்பு சொன்ன உச்ச நீதிமன்றம், பாதுகாப்புக்காக 15 வழிகாட்டுதல்களையும் வகுத்தது. உலைக்கு வெளியே தனிச் சேமிப்பு வளாகம் கட்ட ஐந்தாண்டு கெடு இருந்தது. 2018-இல் அது 2022 வரை நீட்டிக்கப்பட்டது. அதற்காக 2019 ஜூலையில் நடக்கவிருந்த பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2022-இல் தமிழ்நாடு முதலமைச்சர் ஸ்டாலின், எரிந்த எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்பும்படி பிரதமருக்குக் கடிதம் எழுதினார்.

இவற்றையெல்லாம் மேற்பார்ப்பது 1983 நவம்பரில் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். அதில் திறமையான அறிவியலாளர்கள் இருக்கிறார்கள். ஆனால், அணுமின்சாரத்தை வளர்க்கும் துறையின் செயலர் தலைமை தாங்கும் அணுசக்தி ஆணையத்துக்கே வாரியம் கட்டுப்பட்டிருந்தது. விதிகள் வகுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை என்று 2012-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை சுட்டிக்காட்டியது. தனி ஆணையம் அமைக்க 2011-இல் வந்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய சாந்தி சட்டம்தான் வாரியத்துக்குச் சட்ட அந்தஸ்து தந்தது. நல்ல செய்தி. ஆனால் சட்டம் தருவது நாற்காலியை மட்டுமே. ‘வேலையை நிறுத்து’ என்று வாரியம் சொல்லும் நாளிலும், சொன்ன காரணத்தை மக்கள் படிக்க வெளியிடும் நாளிலும்தான் அதன் சுதந்திரம் நமக்குத் தெரியும்.

ஆகவே அடுத்த முறை வகுப்பில் வாதம் எழுந்தால், பயப்படலாமா கூடாதா என்பதை ஒதுக்கிவைத்து நான்கு கேள்விகள் கேள். தவறு நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் யாரிடம் சொல்ல வேண்டும்? வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு? உண்மையைச் சொல்லும் ஊழியருக்கு என்ன பாதுகாப்பு? உரிமக் காலம் முடியும்போது கலத்தை மறுபடி ஆராய்வது யார்? விடை தெரியாவிட்டால் வாரியத்துக்கே எழுதிக் கேள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் உனக்கும் உண்டு. உங்கள் பக்கத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்தால் தவறாமல் போ. அறிக்கையை முன்கூட்டியே படித்துவிட்டுப் போ. அந்தக் கலங்கள் எங்கள் தலைமுறையைத் தாண்டி உங்களிடம் வரப்போகின்றன. அவற்றைக் கேள்வி கேட்கும் பழக்கத்தையும் எங்களிடமிருந்து நீங்கள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா