சராசரி வேகமும் மனச்சாட்சியும்

நம் விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வெப்பம் அளவுக்குச் சிறிது மிஞ்சினாலும் பொம்மை கோணிவிடும். சாலையில் வேகமும் அத்தகையதே.

மும்பை–புனே விரைவுச் சாலையில் 2024 முதல் சராசரி வேகத்தைக் கணக்கிடும் கேமராக்கள் உள்ளன. முதல் கேமரா வண்டியின் எண்ணையும் நேரத்தையும் பதிவு செய்யும். அடுத்த கேமராவும் அவ்வாறே செய்யும். இடைத்தூரத்தை நேரத்தால் வகுத்தால் சராசரி வேகம் கிடைக்கும். ஆகவே, கேமராவைக் கண்டதும் வேகத்தைக் குறைத்துத் தப்புவது அரிது.

ஒரு கணக்குப் பார்ப்போம். இடைத்தூரம் 20 கிலோமீட்டர், வேக எல்லை மணிக்கு 100 கிலோமீட்டர் என்று கொள்வோம். எல்லைக்குள் சென்றால் 12 நிமிடம் ஆகும். 105இல் சென்றால் மிச்சமாவது 34 விநாடியே. இரண்டு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம்! ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்திற்கேற்பக் கூடுவதால், மோதலின் ஆற்றல் 10 சதவீதத்திற்கு மேல் மிகும்.

இன்னொருவர் முதல் பாதியை 120இலும், மறுபாதியை 80இலும் கடக்கிறார். அவரது சராசரி 96தான். கணக்கில் அவர் குற்றமற்றவர். ஆயினும் முதல் பாதியில் குறுக்கிட்டவரின் உயிருக்கு யார் பொறுப்பு? அங்கே மனச்சாட்சியே கேமரா.

வேக மோகத்தால் பிறர் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது பெருங்குற்றம் என்று 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 'கொலை செய்யாதே' என்னும் கட்டளையின் விளக்கத்தில் கூறுகிறது. வண்டி ஓட்டும் பெற்றோரிடமும் அண்ணன்மாரிடமும் இக்கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். அந்த 34 விநாடியை அயலாருக்காக விட்டுக்கொடுப்பதும் பிறரன்பே.