வலையமைப்பின் எல்லையை விரித்தல்

கணினி வலையமைப்புகளில் வழியறியும் நெறிகளுள் ஓ.எஸ்.பி.எவ். என்பது பெருவழக்குடையது. "எல்லாப் பரப்புகளும் பூச்சியப் பரப்பைத் தொடுதல் வேண்டும்" என்னும் அதன் விதியை மாணவர் மனனஞ் செய்கின்றனர். காரணத்தை ஆராய்வார் சிலரே. காரணமறியாதார் வலையமைப்பை விரிக்கப் புகுங்கால் இடர்ப்படுவராதலின், ஈண்டுச் சில கூறுவாம்.

1989 இல் முதன்முதல் வெளியாகி, 1998 இல் ஜோன் மோய் என்பாரால் திருத்தி எழுதப்பெற்ற இந்நெறியின்படி, வழிகாட்டுங் கருவியாகிய றவுட்டர் ஒவ்வொன்றும் தன் பரப்பின் முழுப்படத்தையும் தன்னகத்தே வைத்திருக்கும். டைக்ஸ்ட்ரா 1959 இல் வெளியிட்ட கணக்கு முறையால், செலவு குறைந்த வழியை அப்படத்திலிருந்து தானே கண்டுகொள்ளும். படம் பெருத்தால் கணக்கும் பெருக்குமாகலின் வலையமைப்பைப் பல பரப்புகளாகப் பிரித்தனர்.

ஆயின், பரப்பின் எல்லைக்கு அப்பால் படம் இல்லை. செவிவழிச் செய்தியே உண்டு. எல்லையில் நிற்கும் றவுட்டர், "இன்ன முகவரி என்னூடாக இத்தனை செலவில் எட்டும்" என்று மாத்திரமே அயற்பரப்புக்கு அறிவிக்கும். ஊரில் ஒருவர் சொன்ன கதை பலர் வாய்ப்பட்டு, சொன்னவரிடமே புதுச்செய்தியாக மீளுதல் நாம் அறிந்ததே. இங்கும் அவ்வாறு நேரின் தரவுப் பொதிகள் சேருமிடஞ் சேராது வட்டமிடும். அதனைத் தடுக்கவே, பரப்புகளுக்கிடையிலான செய்தி யாவும் நடுவணுள்ள பூச்சியப் பரப்பினூடாகச் செல்லுமாறு வகுத்தனர்.

இனி, நிறுவனமொன்று புதிய கட்டடம் எழுப்புகின்றதெனக் கொள்வோம். அருகிலுள்ள இணைப்பு முதலாம் பரப்பினுடையது. அதற்கப்பால் மூன்றாம் பரப்பொன்றை அமைத்தால், அது பூச்சியப் பரப்பைத் தொடாது தொங்கும். அதன் முகவரிகளைப் பூச்சியப் பரப்பும் பிற பரப்புகளும் ஏற்கமாட்டா.

இதற்கு மெய்ந்நிகர் இணைப்பு என்னும் உபாயம் உண்டு. முதலாம் பரப்பினூடாகப் பூச்சியப் பரப்பின் கையொன்றை நீட்டுதல் போன்றது அது. அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று றவுட்டர் அடையாள எண்ணால் அறியும். அவ்வெண்ணை நாமே நிறுவாது கருவியின் தெரிவுக்கு விட்டால், மீளத் தொடங்கும்போது எண் மாறி இணைப்பு அறுதல் கூடும். பூச்சியப் பரப்பிற் கடவுச்சொல் இடப்பட்டிருப்பின் இவ்விணைப்புக்கும் இடவேண்டும், மறப்போர் பலர். முதலாம் பரப்பு, வெளிவழிகளை ஏலாத முட்டுப்பரப்பாயின் இவ்வுபாயமே செல்லாது. இடைக்காலத் தேவைக்கு இது பொருந்தும். நிலையான அமைப்பாக யாம் இதனை விதந்துரையோம்.

புதிய கட்டடம் என்றதும் புதிய பரப்பு என எண்ணுவானேன்? இருபது முப்பது றவுட்டர்களே உள்ள முதலாம் பரப்பை அக்கட்டடம் வரை நீட்டினாற் போதும். 1989 ஆம் ஆண்டுக் கருவிகளிலும் இன்றையவை பன்மடங்கு வலியன. பரப்பு மெய்யாகவே பெருத்துவிட்டதாயின், செலவைப் பாராது பூச்சியப் பரப்புக்குத் தனி இணைப்பு இழுத்தே புதிய பரப்பை வகுத்தல் வேண்டும். அப்பொழுது முகவரிகளையும் தொடர்ச்சியாக ஒதுக்கினால், எல்லை றவுட்டர் அவற்றை ஒரே அறிவிப்பாகச் சுருக்கும்படி செய்யலாம். உள்ளே ஓர் இணைப்பு அறுந்த செய்தி ஏனைய பரப்புகளைச் சென்று கலக்காது.