தாழ்வாரத்தில் ஒரு தோட்டம்

செங்காங்கில் வசிப்போரில் பெரும்பாலோரின் இல்லம் வீவக அடுக்குமாடி வீடுதான். அவ்வீடுகளுக்கு முற்றம் இல்லை; கொல்லைப்புறமும் இல்லை. ஆயினும், ரிவர்வேல், காம்பஸ்வேல், ஆங்கர்வேல், ஃபெர்ன்வேல் வட்டாரங்களில் உள்ள பல புளோக்குகளின் தாழ்வாரங்களில் பசுமைக்குக் குறைவில்லை. ஒரு வீட்டு வாசலில் மல்லிகை மணக்கும். இன்னொரு வீட்டின் முன் கறிவேப்பிலையும் பண்டானும் தழைத்திருக்கும். வேறொரு வீட்டின் முன்னோ, தொட்டிகள் வழியை அடைத்துக்கொண்டிருக்கும். அங்கே நடப்பவர்கள் உடலைச் சாய்த்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். எல்லாம் செடிகள்தாம். ஆனால், ஒன்றைத் தோட்டம் என்கிறோம். மற்றொன்றை இடையூறு என்கிறோம். இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

தோட்டத்தின் அழகு, செடிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது அன்று. அது முதலில் வெயிலைப் பொறுத்தது. செடி வாங்குவதற்கு முன், தாழ்வாரத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று சில நாள்கள் கவனிக்க வேண்டும். மல்லிகை, காகிதப்பூ, கத்தரி, வெண்டை ஆகியவற்றுக்கு நேரடி வெயில் தேவை. நிழலில் வைத்தால் அவை பூக்காமல் வெறும் இலைகளோடு நீண்டு வளரும். மணி பிளாண்ட், பெரணி போன்றவை குறைந்த வெளிச்சத்திலும் செழிக்கும். இடத்துக்குப் பொருந்தாத செடியை எவ்வளவு அழகான தொட்டியில் வைத்தாலும் அது வாடித்தான் போகும்.

அடுத்து, அடுக்கும் முறை. உயரமான செடிகளைச் சுவரை ஒட்டியும், குட்டையானவற்றை அவற்றுக்கு முன்னும் வைத்தால் எல்லாச் செடிகளும் கண்ணுக்குத் தெரியும்; வெளிச்சமும் பெறும். படிப்படியாக அமைந்த குறுகிய அடுக்கு ஒன்று இருந்தால், சிறிய இடத்திலும் பத்துத் தொட்டிகளை வைக்கலாம். வெவ்வேறு வடிவிலும் நிறத்திலும் பல தொட்டிகளைக் குவிப்பதைவிட, ஒரே நிறத் தொட்டிகளைப் பயன்படுத்துவது நல்லது. அப்போது பார்ப்பவரின் கவனம் தொட்டியில் நிற்காது. பூவுக்கும் இலைக்கும் செல்லும். எல்லாச் செடிகளும் பூச்செடிகளாக இருக்க வேண்டியதும் இல்லை. அகன்ற இலை, மெல்லிய இலை, கரும்பச்சை, இளம்பச்சை என்று இலைகள் மாறி மாறி அமைந்தாலே தோட்டம் பொலிவு பெறும். சமையலுக்கு உதவும் செராய், பண்டான், துளசி ஆகியவை மணத்தையும் சேர்க்கும்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. தாழ்வாரம் யாருடையது? வாசலுக்கு முன்னால் இருப்பதால் அது அந்த வீட்டாருக்கு மட்டும் சொந்தமாகிவிடாது. அது அந்த மாடியில் வசிக்கும் அனைவருக்கும் பொதுவான வழி. தீ விபத்து நேர்ந்தால் மக்கள் அவ்வழியேதான் தப்பிக்க வேண்டும். மருத்துவ உதவியாளர்கள் நோயாளியைத் தூக்குப்படுக்கையில் கொண்டுசெல்வதும் அவ்வழியேதான். அதனால்தான் தாழ்வாரத்தில் குறைந்தது 1.2 மீட்டர் அகலத்துக்குத் தடையில்லாத வழி இருக்க வேண்டும் என்று விதி வகுக்கப்பட்டுள்ளது. சக்கர நாற்காலியில் செல்லும் ஒரு முதியவருக்கு, வழியை மறைக்கும் ஒரு தொட்டி வெறும் தொட்டியன்று. மின்தூக்கியை அடைய முடியாமல் தடுக்கும் சுவர்.

தொட்டிகளைத் தாழ்வாரத்தின் தடுப்புச் சுவர்மீது வைப்பதும் ஆபத்தானது. பத்தாவது மாடியிலிருந்து ஒரு சிறிய தொட்டி விழுந்தாலும் கீழே செல்பவரின் உயிரைப் பறிக்கக்கூடும். பலத்த காற்று வீசும்போது கட்டிவைத்த தொட்டியும் அசையும். ஆகவே, தொட்டிகளுக்கு ஏற்ற இடம் தரையும் உறுதியான அடுக்கும்தான்.

நீரும் கவனத்திற்குரியது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தெளிந்த, தேங்கிய நீரில் முட்டையிடும். இருபது காசு நாணயத்தின் அளவுக்கு நீர் இருந்தாலே அதற்குப் போதும். முட்டை கொசுவாக வளர ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும். எனவே, தொட்டியின் அடியில் உள்ள தட்டை அடிக்கடி கவிழ்த்துத் துடைக்க வேண்டும். இறுகிய மண்ணைக் கிளறிவிட வேண்டும். இல்லாவிட்டால் நீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கும். ஒரு வீட்டுத் தட்டில் பிறக்கும் கொசு, அந்த வீட்டாரை மட்டும் தேடிக் கடிப்பதில்லை.

தாழ்வாரம் போதவில்லை என்பவர்களுக்குச் சமூகத் தோட்டம் இருக்கிறது. தேசியப் பூங்காக் கழகம் 2005ஆம் ஆண்டு ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. இன்று தீவு முழுவதும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்கள் உள்ளன. அங்கே வேறொரு சிக்கல் எழக்கூடும். பழுத்த பப்பாளி யாருக்கு? நட்டவருக்கா, நீர் ஊற்றியவருக்கா, அன்றாடம் அவ்வழியே நடந்துசெல்பவருக்கா? இதை முன்கூட்டியே பேசி முடிவுசெய்யாத தோட்டத்தில், பழத்தோடு மனக்கசப்பும் பழுக்கும். விளைச்சலை அக்கம்பக்கத்தாரோடு பகிர்ந்துகொள்ளும் தோட்டத்திலோ, பெயர் தெரியாத அண்டைவீட்டார் ‘ஆன்ட்டி’, ‘அங்கிள்’ என்று அழைத்துப் பேசத் தொடங்குவார்கள்.

பண்டைத் தமிழர் நிலங்களுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பெயர் சூட்டினர். இவை செடிகளையும் மரங்களையும் ஒட்டி அமைந்த பெயர்கள். செடியை அது வளரும் நிலத்தோடும், அங்கு வாழும் மக்களின் வாழ்வோடும் சேர்த்துப் பார்த்த மரபு அது. அந்தக் கணக்கில் செங்காங் வட்டாரமும் ஒரு காலத்தில் நெய்தல் நிலம்தான். செராங்கூன் ஆற்றங்கரையில் கங்கார் என்னும் மீனவக் கிராமம் இருந்தது. இன்று பொங்கோல் நீர்த்தேக்கத்தில், செங்காங் ஆற்றோரப் பூங்காவை ஒட்டி, மிதக்கும் ஈரநிலம் ஒன்று உள்ளது. 2010இல் திறக்கப்பட்ட அதன் பரப்பளவு ஏறத்தாழ அரைக் காற்பந்துத் திடல். மிதவைகளில் வளரும் செடிகளின் வேர்கள் நீருக்குள் தொங்குகின்றன. அவை நீரிலுள்ள மிகுதியான சத்துகளை உறிஞ்சி அதைத் தூய்மைப்படுத்துகின்றன. மீன்களுக்கும் பறவைகளுக்கும் இடம் தருகின்றன. நடைப்பயிற்சிக்கு வருவோர் அதை அழகுக்காகப் பார்க்கிறார்கள். அதுவோ அழகாக இருந்துகொண்டே அனைவருக்கும் பணி செய்கிறது.

தாழ்வாரத்தில் இருக்கும் ஐந்து தொட்டிகளுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். வளர்ப்பவருக்கு மகிழ்ச்சி, செடிக்கு வெயில், நடப்பவருக்கு வழி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் அமைந்தால், முற்றம் இல்லாத வீட்டுக்கும் ஒரு தோட்டம் உண்டு.