மூளைத் திரவ வடிகாலும் தானியக்கமும்

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்து நிற்கும் தெளிந்த திரவம், வயதுவந்தோருக்கு நாள்தோறும் ஏறத்தாழ 500 மில்லிலிட்டர் சுரக்கிறது. ஆனால் ஒரே வேளையில் உடலில் இருப்பது சுமார் 150 மில்லிலிட்டரே. எஞ்சியது இரத்தத்தில் கலந்துவிடுகிறது. இவ்வழி அடைபடின் திரவம் தேங்கி மூளையை அழுத்தும். ஹைட்ரோகெபலஸ் எனப்படும் இந்நோயில் கைக்குழந்தைகளின் தலை பெருத்து, அறிவு வளர்ச்சி குன்றும். உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

மிகுதித் திரவத்தை உடலுக்குள்ளேயே வேறிடத்திற்குக் கொண்டு செல்லும் குழாய் 'ஷண்ட்' ஆகும். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட்டர் என்ற தொழில்நுட்பர், தம் மகனுக்கு இந்நோய் கண்டதால், 1956இல் இதற்கென ஒரு வால்வை உருவாக்கினார். அழுத்தம் குறித்த அளவைக் கடந்தால் வால்வு தானே திறக்கும்; தணிந்தால் மூடிக்கொள்ளும். இத்துறையில் தானியக்கத்தின் தொடக்கப் படிகளுள் ஒன்று இது எனலாம்.

அயல்நாட்டு வால்வின் விலை ஏழைக் குடும்பங்களுக்கு எட்டாதது. எனவே, டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் குழந்தை அறுவை மருத்துவர் பேராசிரியர் உபாத்யாயா, குறைந்த விலையில் இந்திய வால்வு ஒன்றை உருவாக்கினார். அதனைப் பெற்ற குழந்தைகளின் அறிவுத்திறன் பற்றிய ஆய்வை அவருடைய குழுவினர் 1982இல் வெளியிட்டனர்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் பயன்படும் தற்காலிக வடிகாலின் நிலை வேறு. அங்கே மூளையிலிருந்து வரும் குழாய், படுக்கையருகே தொங்கும் கலத்தில் சேர்கிறது. நோயாளியின் காதுத் துளை மட்டத்திலிருந்து கலம் இருக்கும் உயரமே வடியும் அளவை நிர்ணயிக்கிறது. உயரத்தைத் திருத்தாமல் தலைப்பக்கத்தை உயர்த்தினால் திரவம் மிகுதியாக வடிந்து இரத்தக் கசிவு நேரலாம். தாழ்த்தினால் வடிதல் குன்றி அழுத்தம் ஏறும். ஒவ்வொரு முறையும் செவிலியரே இதனைச் சரிசெய்ய வேண்டியுள்ளது.

இப்பணியைக் கருவியிடம் ஒப்படைப்பதே தானியக்கத்தின் நோக்கம். ஜெர்மனியின் லிக்குவோகார்டு கருவியில் உணர்வி அழுத்தத்தை அளக்க, சிறு பம்பு குறித்த அளவுக்குத் திரவத்தை வெளியேற்றுகிறது. எனினும் உணர்வி பிழைத்தாலும் மின்சாரம் நின்றாலும் எச்சரிக்கை ஒலித்து, செவிலியர் உடனே பொறுப்பேற்க வழியிருத்தல் வேண்டும். கருவி செவிலியரின் சுமையைக் குறைக்கலாமேயன்றி, அவருடைய கண்காணிப்புக்கு ஈடாகாது.

டில்லி வால்வு தரும் பாடம் தெளிவானது: நுட்பம் எத்துணைச் சிறந்ததாயினும், மாவட்ட மருத்துவமனைக்குக் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தாலன்றி அதன் பயன் முழுமை பெறாது.