கால் குடைச்சல் நின்ற பிறகு



இரவில் படுத்ததும் கால்களுக்குள் ஏதோ ஊர்வது போன்ற குடைச்சல். எழுந்து நடந்தால் அடங்கும், படுத்தால் திரும்பும். மருத்துவர்கள் இதை ‘ரெஸ்ட்லெஸ் லெக்ஸ்’ என்பார்கள். இரும்புச்சத்துக் குறைவு முக்கியமான காரணங்களில் ஒன்று. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் வருவது பெரும்பாலும் பிரசவத்துக்குப் பின் விலகிவிடும்.

திடீரென ஓர் இரவு குடைச்சலின்றி விடியும்வரை தூங்கி எழுவது பெரிய நிம்மதிதான். ஆனால் இது விட்டுவிட்டு வரக்கூடிய தொல்லை. நின்றுவிட்டதே என்று நாமாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். இரும்பு மாத்திரையைத் தேநீருடன் சாப்பிட்டால் சத்து சரியாகச் சேராது. மருத்துவர் போதும் என்று சொல்லும்வரை தொடருங்கள்.