கணினியின் அடிப்பட்டையும் நம் கல்லா மேசைதான்



கல்லாவில் உட்காருகிறவர் கைக்கு எட்டும் இடத்தில் எதை வைத்திருக்கிறார் என்று பார்த்தாலே கடையின் ஒழுங்கு தெரிந்துவிடும். பில் புத்தகம் நடுவில், சில்லறை டப்பா ஒரு பக்கம், பாக்கிச் சிட்டை டிராயரில் என்று வைத்திருப்போம். கரண்ட் போன நேரத்தில் கையை நீட்டினாலும் அதது அந்தந்த இடத்தில் அகப்படும். ஆனால் அதே மேசையில் இருக்கும் கணினியை நாம் அப்படி ஒழுங்கு செய்வதில்லை. வாங்கி வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஓட்டுகிறோம்.

திரையின் அடியில் நீளமாக ஒரு பட்டை இருக்கிறதே, அதற்கு டாஸ்க்பார் என்று பெயர். 1995 ஆகஸ்டில் வெளிவந்த விண்டோஸ் 95-இல்தான் அது முதலில் வந்தது. எந்தெந்த வேலை திறந்திருக்கிறது என்று காட்டுவது அதன் தொழில். இதற்குப் போய் ஒரு பாடமா என்று அண்ணாச்சிமார் சிரிக்க வேண்டாம். இதைக் கவனிக்காததால் எங்கள் கடையில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு இரண்டு நிறுவனங்கள். ஒன்று என் பெயரில், மற்றது என் மகன் பெயரில். ஜி.எஸ்.டி. எண்ணும் தனித்தனி. இரண்டுக்கும் ஒரே கணினியில்தான் பில் போடுகிறோம். குற்றால சீசன் நெருக்கடியில் விண்டோஸ் 11 உள்ள புதுக் கணினி வாங்கினோம். அதில் ஒரே புரோகிராமில் எத்தனை ஜன்னல் திறந்தாலும், அடியில் ஒரே ஒரு படம்தான் தெரியும், பெயர் தெரியாது. எங்கள் கணக்குப்பிள்ளை, மேலே இருப்பது என் நிறுவனத்தின் பில் என்று நினைத்து, புனலூருக்குப் போக வேண்டிய மிளகாய் வத்தல் லோடுக்கு மகன் பெயரில் பில் போட்டுவிட்டார். இ-வே பில்லும் அதே எண்ணில் எடுத்தாகிவிட்டது. சரக்கோ என் இருப்பில் உள்ளது.

லாரியில் தார்ப்பாய் கட்டும்போது தற்செயலாக பில்லை வாங்கிப் பார்த்தேன். 24 மணி நேரத்துக்குள், வழியில் அதிகாரிகள் சோதிக்காத வரை, இ-வே பில்லை ரத்து செய்யலாம் என்பதால் தப்பித்தோம். வண்டி புளியரையைத் தாண்டியிருந்தால், வாங்கியவரின் வரி வரவு ஒரு பக்கம், எங்கள் இருப்புக் கணக்கு மறுபக்கம் என்று இழுபறியாகியிருக்கும். வழியில் நிறுத்திக் கேட்டால் சரக்கு யாருடையது என்பதற்கே விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். கணக்குப்பிள்ளை மேல் கோபித்துப் பயனில்லை. இரண்டு டப்பாவிலும் பெயர் எழுதாமல் வைத்தது நம் தவறு.

முதல் பாடம்: செலவும் இல்லை, புது மென்பொருளும் வேண்டாம்.

1. டாஸ்க்பாரில் காலியான இடத்தில் மவுஸின் வலப்பக்கப் பொத்தானை அழுத்தி, டாஸ்க்பார் செட்டிங்ஸ் என்பதைத் திறக்கவும். விண்டோஸ் 11-இல் டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்ற பகுதிக்குப் போகவும். பொத்தான்களை ஒன்று சேர்ப்பது பற்றிக் கேட்கும் இடத்தில் 'நெவர்' என்று வைக்கவும். இனி ஒவ்வொரு ஜன்னலும் தன் பெயருடன் தனியாகத் தெரியும். 2021-இல் விண்டோஸ் 11 வந்தபோது இந்த வசதி இல்லை. 2023-இல்தான் திரும்பக் கொடுத்தார்கள். விண்டோஸ் 10-இல் முன்பிருந்தே உண்டு.

2. அதே இடத்தில், நடுவில் இருக்கும் படங்களை இடப்பக்கம் ஒதுக்கலாம். வேண்டாத விட்ஜெட்ஸ் போன்றவற்றை நிறுத்திவிடலாம்.

3. தினமும் வேண்டிய நான்கை மட்டும் 'பின்' செய்து நிரந்தரமாக வைக்கவும். முதலில் பில், அடுத்து ஜி.எஸ்.டி. தளம் பார்க்கும் பிரவுசர், பிறகு கால்குலேட்டர், வாட்ஸ்அப். விண்டோஸ் படம் போட்ட பொத்தானை அழுத்திக்கொண்டு 1 என்ற எண்ணைத் தட்டினால் முதலாவது திறக்கும், 2 தட்டினால் இரண்டாவது. சாரல் நாளில் கரண்ட் போய் வந்தால் திறந்திருந்தவை மூடிவிடும். பின் செய்தவை அதே இடத்தில் காத்திருக்கும்.

இரண்டாம் பாடம்: இலவச மென்பொருள்.

இதுவும் போதாதவர்களுக்கு விண்ட்ஹாக் என்று ஒன்று உண்டு. விண்டோஸ் 7 காலத்தில் '7+ டாஸ்க்பார் ட்வீக்கர்' என்பதைச் செய்த மைக்கேல் மால்ட்செவ் என்பவரே இதையும் செய்திருக்கிறார். காசு கிடையாது. அதில் சிறு சிறு மாற்றங்கள் கடைச் சரக்கு போலத் தனித்தனியாக இருக்கும். வேண்டியதை மட்டும் எடுக்கலாம். என்னைப் போல் கண்ணாடி போட்டவர்களுக்கு, பட்டையின் உயரத்தையும் படங்களின் அளவையும் பெரிதாக்கும் மாற்றம் மிக உதவி. பெயர்ப் பகுதியை அகலமாக்கினால் நிறுவனத்தின் பெயர் அதிகம் வெட்டுப்படாமல் தெரியும். கடிகாரத்தில் கிழமையையும் சேர்த்துக் காட்டலாம். மாதாமாதம் கணக்குக் கொடுப்பவர்களுக்கு 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கண்ணில் பட்டுக்கொண்டே இருப்பது நல்லதுதானே?

இலவசம் என்றாலே மட்டம் என்று நினைக்க வேண்டாம். தமிழில் தட்டச்சு செய்ய நம்மில் பலர் பயன்படுத்திய இ-கலப்பையும், சென்னை நியூ ஹொரைசன் மீடியா தந்த என்.எச்.எம். ரைட்டரும் இலவசமாக வந்து இதே பட்டையின் ஓரத்தில் உட்கார்ந்தவைதான். அதற்காக இலவசம் என்று எவன் கொடுத்தாலும் வாங்கி உள்ளே வைக்கவும் கூடாது. முகம் தெரியாதவன் இறக்கிய மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் குடோனில் அடுக்குவோமா? ஆகவே சில எச்சரிக்கைகள்:

• செய்தவருடைய சொந்தத் தளத்திலிருந்தே எடுக்கவும். தேடும்போது முதலில் வருவது விளம்பரமாகவும் போலியாகவும் இருக்கலாம்.

• படிக்காமல் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று தட்டக் கூடாது. கூடவே வேறு எதையாவது ஏற்றிவிடும் தளங்கள் உண்டு.

• அதற்கு முன் பில் கணக்கு முழுவதையும் பென் டிரைவில் நகல் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வைக்கவும்.

• கடை அடைத்த பிறகு, வேலை இல்லாத நாளில் செய்து பார்க்கவும். சீசன் ஞாயிற்றுக்கிழமையும் 20-ஆம் தேதியும் பரீட்சைக்கு உகந்தவை அல்ல.

• ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். விண்டோஸ் புதுப்பிப்பு வந்தபின் இவை தகராறு செய்வதுண்டு. நீக்கும் வழி தெரிந்த பிறகே ஏற்றவும்.

• விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு 14.10.2025 அன்று முடிந்துவிட்டது. அந்தக் கணினி வைத்திருப்பவர்கள் பட்டையை அழகுபடுத்துவதற்கு முன், மாற்றுவது பற்றி யோசிக்க வேண்டும்.

எங்கள் கடையில் இப்போது இரண்டு பெயரும் பட்டையில் தனித்தனியாகத் தெரிகின்றன. இருந்தாலும் லோடு கிளம்பும் முன் பில்லின் தலைப்பைக் கணக்குப்பிள்ளை வாய்விட்டுப் படித்த பிறகே வண்டிக்காரர் கையில் கொடுக்கிறோம். கணினி பெயரைக் காட்டும். படிக்க வேண்டியது நாம். இன்றிரவு கடை அடைக்கும் முன் பத்து நிமிடம் ஒதுக்கி, முதல் பாடத்தை மட்டுமாவது செய்து பாருங்கள்.