சட்டையில் ஒரு வளையம்

அயர்லாந்து நாட்டின் சொந்த மொழி ஐரிஷ். அரசியல் சட்டப்படி அதுதான் முதல் ஆட்சிமொழி. ஆனா பெரும்பாலான ஊர்ல, கடையில பேசுறது இங்கிலீஷ்தான். 2022 கணக்கெடுப்பில் 18 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஐரிஷ் தெரியும் என்றார்கள். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுபவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர்தான்! பல வருஷம் பாடமாகப் படித்தும் வாயில் வரவில்லை. (நம்ம இங்கிலீஷ் மாதிரியேதான். டீச்சர் மன்னிக்கவும்.)

அதனால் பழக வழி தேடுகிறார்கள். ஹலோவுக்குப் பதில் 'டியா குவிட்' என்பார்கள். 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்று பொருள். பதில் சொல்பவர் மரியாளையும் சேர்த்துக் கொள்வார். சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர் ஐரிஷிலும் இருக்கும். கேட்டுப் பழக 1972 முதல் ஐரிஷ் வானொலி, 1996 முதல் டி.வி. கோடை விடுமுறையில் மேற்குக் கடற்கரைப் பக்கம் ஐரிஷ் பேசும் வீடுகளில் தங்கிப் பழகும் மாணவர்களும் உண்டு.

எனக்குப் பிடித்தது 'ஃபான்யா'. சட்டையில் குத்தும் சின்ன வளையம். அது இருந்தால் 'என்னிடம் ஐரிஷில் பேசலாம்' என்று அர்த்தம். முன்பின் தெரியாதவரிடமும் கூச்சமில்லாமல் ஆரம்பிக்கலாம்.

இன்னொரு அதிசயம், ஐரிஷில் 'ஆமாம்', 'இல்லை' என்பதற்குத் தனிச் சொல்லே கிடையாது. 'வந்தாயா?' என்றால் 'வந்தேன்' அல்லது 'வரவில்லை' என்றுதான் சொல்லணும். நானும் ஒரு நாள் முழுக்க 'ஆமா' சொல்லாம இருந்து பார்த்தேன். முதல் பீரியடிலேயே தோத்துட்டேன்!

- 9-ஆம் வகுப்பு மாணவி